ரீமேப் செய்த கார் நடுங்குகிறதே, இன்ஜின் தாங்குமா?

கேள்வி: வணக்கம் சார். என்னுடையது 2 லிட்டர், 4 சிலிண்டர், டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ பெட்ரோல் கார். மேனுவல் கியர், 90,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஸ்டேஜ் 2 ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றிப் பவரைக் கூட்டுவது), பெரிய டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்), இன்ஜினைப் பாடியில் தாங்கும் பாலியூரிதேன் மவுண்ட்கள், எடை குறைந்த சிங்கிள் மாஸ் ஃப்ளைவீல் (இன்ஜின் தண்டோடு சுழலும் சக்கரம்) எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றினேன். 350 நியூட்டன் மீட்டராக இருந்த டார்க் இப்போது 460 என்கிறார் டியூனர். இழுவை பிரமாதம். ஆனால் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) ஸ்டீயரிங், சீட், கண்ணாடி எல்லாம் நடுங்குகின்றன. 2,200 முதல் 2,500 ஆர்பிஎம் வரை காதை அடைக்கும் முழக்கம். நியூட்ரலில் கியர்பாக்ஸ் பக்கம் கடகடவென்று சத்தம். மூன்றாவது கியரில் முழுசாக மிதித்தால், 3,500-க்கு மேல் சில நேரம் செக் இன்ஜின் விளக்கு மின்னிவிட்டு அடங்கிவிடுகிறது. "அப்கிரேட் செய்த கார் அப்படித்தான் இருக்கும், பழகிவிடும்" என்கிறார் டியூனர். இன்ஜின் கெட்டுவிடுமா? லைட்வெயிட் கிராங்க் புல்லி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் மாட்டவில்லை. அடுத்து பேலன்ஸ் ஷாஃப்ட்டை எடுத்துவிட்டு, ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்டு, பெரிய டர்போவுக்குப் போகலாமா? கழற்றிய கம்பெனி பாகங்களை விற்றுவிடலாமா?

பதில்: உங்கள் டியூனர் சொன்னதில் முக்கால்வாசி சரி. மிச்சமிருக்கும் கால்வாசியில்தான் இன்ஜினின் ஆயுள் இருக்கிறது. நடுக்கம், முழக்கம், கடகட சத்தம் மூன்றும் தொந்தரவுகள். மின்னும் விளக்கு அப்படியில்லை. கடிதத்தில் அதைக் கடைசியாகச் சொல்லியிருக்கிறீர்கள், நான் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் "நேரம் கிடைக்கும்போது பார்" என்று அர்த்தம். மின்னினால், கேட்டலிஸ்ட்டைக் (எக்ஸாஸ்ட் புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) கெடுக்கும் அளவுக்கு இன்ஜின் மிஸ் அடிக்கிறது, அதாவது சிலிண்டரில் பெட்ரோல் எரியத் தவறுகிறது என்று அர்த்தம். எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்ட்டுக்குப் போய், அங்கே கேட்டலிஸ்ட்டுக்குள் எரிந்து அதை உருக்கிவிடும். கொஞ்சம் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஆயிலோடு கலக்கும். விளக்கு தானாக அடங்கிவிட்டதால் பழுதும் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். காரணம் தெரியும்வரை முழு ஆக்ஸிலரேட்டர் வேண்டாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மிஸ்ஸிங்கை இசியு (இன்ஜினை நிர்வகிக்கும் கம்ப்யூட்டர்) கண்டுபிடிப்பது பெரும்பாலும் கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு, சுழலும் வேகத்தை வைத்துத்தான். ஒரு சிலிண்டர் எரியத் தவறினால் கிராங்க் அந்தக் கணத்தில் லேசாகப் பின்தங்கும், அதை சென்சார் பிடித்துவிடும். கனமான ஃப்ளைவீலுக்குப் பதில் லேசானதை மாட்டினால் எல்லாம் சரியாக எரியும்போதே கிராங்க் வேகம் கூடுதலாக ஏறி இறங்கும். அதனால் இல்லாத மிஸ்ஸிங்கை இருப்பதாக இசியு பதிவு செய்வது உண்டு. ஆனால் அந்தப் பொய் எச்சரிக்கை பெரும்பாலும் ஐடிலிலும் குறைந்த லோடிலும் வரும். உங்களுக்கு வருவது மூன்றாவது கியர், முழு பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றழுத்தம்), 3,500-க்கு மேல். ஆகவே இது நிஜமான மிஸ்ஸிங்காக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

முதல் சந்தேகம் ஸ்பார்க் பிளக். பூஸ்ட் ஏறினால் சிலிண்டருக்குள் காற்றின் அடர்த்தி கூடும், அந்த அடர்த்தியைத் தாண்டி பொறி குதிக்கக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும். 0.8 மி.மீ. இடைவெளியில் சாதாரண பூஸ்ட்டுக்கு ஒழுங்காக எரிந்த பிளக், ஸ்டேஜ் 2 பூஸ்ட்டில் பொறியை இழந்துவிடும். இடைவெளியை 0.6, 0.65 வாக்கில் குறைத்து, வெப்பத்தில் ஒரு படி குளிர்ந்த பிளக் போடுவது இந்த மாதிரி டியூனிங்கில் வழக்கமான வேலை. உங்கள் டியூனர் செய்தாரா என்று கேளுங்கள். பில்லில் பிளக் இல்லையென்றால் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிட்டது.

பிளக் சரியென்றால் அடுத்து இக்னிஷன் காயில். ஸ்கேனரில் எந்த சிலிண்டரில் மிஸ்ஸிங் என்று பாருங்கள். பிழை எண் பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது, இப்படியே போகும். பி0300 என்றால் ஒன்றில் என்றில்லாமல் கலந்து வருகிறது. ஒரே சிலிண்டரில் வந்தால், அதன் காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் பாருங்கள். பிழை எண்ணும் கூடவே இடம் மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறவில்லையென்றால் இன்ஜெக்டர், வால்வு என்று உள்ளே தேட வேண்டும். 90,000 கி.மீ. ஓடிய டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் இன்டேக் வால்வுகளின் பின்பக்கம் கரி அடைவது சகஜம், ஏனென்றால் அங்கே பெட்ரோல் பட்டுக் கழுவுவதற்கு வழியில்லை. காலையில் முதல் ஸ்டார்ட்டிலும் சில விநாடி மிஸ் அடிக்கிறதா என்று கவனியுங்கள், அப்படியென்றால் கரி மேல் சந்தேகம் வலுக்கும்.

எல்லாச் சிலிண்டரிலும் பரவலாக வந்தால் டேட்டா லாக் (ஓடும்போது சென்சார் அளவுகளின் பதிவு) எடுக்கச் சொல்லுங்கள். கேட்ட பூஸ்ட்டும் கிடைத்த பூஸ்ட்டும் ஒத்துப்போகின்றனவா, ஃபுல் லோடில் பெட்ரோல் ரெயில் அழுத்தம் சரிகிறதா, லாம்டா (காற்று-பெட்ரோல் கலவை விகிதம்) எவ்வளவு, ஒவ்வொரு சிலிண்டரிலும் நாக்கிங்குக்காக (பொறிக்குப் பின் மிச்சக் கலவை தானாக வெடித்துத் தட்டுவது) இக்னிஷன் டைமிங் எத்தனை டிகிரி பின்வாங்குகிறது, உள்ளே போகும் காற்றின் சூடு எவ்வளவு ஆகிய ஐந்தும் அதில் இருக்க வேண்டும். நல்ல டியூனர் இந்த லாகைக் கேட்காமலே தருவார். "லாக் எல்லாம் எதற்கு, ஓட்டிப் பார்த்தாலே தெரியும்" என்று சொல்பவரிடம் அடுத்த கட்ட வேலையைக் கொடுக்காதீர்கள். அப்புறம், அந்த மேப் எந்த ஆக்டேனுக்கு எழுதப்பட்டது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். 98 ஆர்ஓஎன் (ஆக்டேன் அளவு) பெட்ரோலுக்கு எழுதிய மேப்பில் 91 ஊற்றி ஓட்டினால் நாக் சென்சார் எவ்வளவுதான் காப்பாற்றும்?

சரி, இப்போது நடுக்கத்துக்கு வருவோம்.

நாலு சிலிண்டர் வரிசை இன்ஜின் பிறவியிலேயே நடுங்குவதுதான். இரண்டு பிஸ்டன் மேலே போகும்போது இரண்டு கீழே வருவதால் முதல் நிலை விசைகள் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும். ஆனால் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் சாய்ந்து சாய்ந்து இயங்குவதால் பிஸ்டன் மேல் பாதியில் வேகமாகவும் கீழ்ப் பாதியில் மெதுவாகவும் நகரும். அந்த வித்தியாசத்தில் பிறக்கும் இரண்டாம் நிலை விசை, கிராங்கைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் இன்ஜினை மேலும் கீழும் உதறும். இதற்கு மேல் எரிப்பின் துடிப்பு வேறு. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிவதால், 750 ஆர்பிஎம் ஐடிலில் விநாடிக்கு 25 துடிப்பு.

இவற்றை உங்களிடமிருந்து மறைத்து வைக்கத்தான் கார் கம்பெனி மெனக்கெட்டிருந்தது. உள்ளே திரவம் அடைத்த மவுண்ட்கள் ஐடில் துடிப்பை விழுங்கின. டூயல் மாஸ் ஃப்ளைவீலின் ஸ்பிரிங்குகள் எரிப்பின் முறுக்கு அதிர்வு கியர்பாக்ஸுக்குப் போகாமல் தடுத்தன. நீங்கள் இரண்டையும் ஒரே நாளில் கழற்றிவிட்டீர்கள். இன்ஜின் முன்பு எவ்வளவு நடுங்கியதோ ஏறக்குறைய அவ்வளவுதான் இப்போதும் நடுங்குகிறது, இப்போது அது உங்கள் முதுகுவரை வருகிறது. இந்த நடுக்கத்தால் பியரிங்கோ பிஸ்டனோ தேயாது. டாஷ்போர்டு கிளிப்புகள், வயரிங் தாங்கிகள், எக்ஸாஸ்ட் தொங்கும் ரப்பர்கள் சீக்கிரம் தளரும், அவ்வளவுதான்.

2,200–2,500 முழக்கமும் இதே குடும்பம். அந்த வேகத்தில் எரிப்புத் துடிப்பு விநாடிக்கு 73 முதல் 83. கார் காபினுக்குள் அடைபட்ட காற்று இயல்பாக முழங்கும் அதிர்வெண் கிட்டத்தட்ட அங்கேதான் இருக்கிறது. இறுக்கமான மவுண்ட் வழியாகப் பாடிக்குப் போகும் அதிர்வும், பெரிய டவுன்பைப்பின் சத்தமும் சேர்ந்து அதைத் தட்டி எழுப்புகின்றன. காரை நிறுத்திவைத்து நியூட்ரலில் 2,400-க்கு ஏற்றிப் பாருங்கள். அப்போதும் முழங்கினால் இன்ஜின், மவுண்ட், எக்ஸாஸ்ட் மூன்றுக்குள்தான் காரணம். டவுன்பைப் எங்காவது பாடியில் உரசுகிறதா என்று கீழே படுத்துப் பார்ப்பதும் நல்லது, புதுப் பைப்பை மாட்டும்போது ஒரு விரல் இடைவெளி விடாமல் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது.

ஓடும்போது மட்டும் வரும் அதிர்வு என்றால் வேறு சோதனை. ஒரே வேகத்தில் மூன்றாவது கியரிலும் நாலாவது கியரிலும் போய்ப் பாருங்கள். கியர் மாற்றியும் அதே வேகத்தில் அதே அதிர்வு வந்தால் இன்ஜினை விட்டுவிட்டு டயர், வீல், டிரைவ் ஷாஃப்ட் பக்கம் போங்கள். ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் மட்டும் வந்து, காலை எடுத்ததும் மறைந்தால் டிரைவ் ஷாஃப்ட்டின் உட்பக்க ஜாயின்ட்டைச் சந்தேகிக்கலாம். காரின் உயரத்தைக் குறைத்தவர்களுக்கு இது அதிகம் வரும்.

நியூட்ரல் கடகட சத்தத்துக்குச் சோதனை இன்னும் சுலபம். கிளட்சை மிதியுங்கள். சத்தம் நின்றால், கியர்பாக்ஸுக்குள் லோடு இல்லாத பற்கள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்ளும் சத்தம் அது. சிங்கிள் மாஸ் ஃப்ளைவீல் போட்ட பல கார்களில் உண்டு, காதுக்குத்தான் கஷ்டம். கிளட்சை மிதித்தால்தான் சத்தமே வருகிறது என்றால் ரிலீஸ் பியரிங்கைப் பாருங்கள். இன்னொன்றும் இருக்கிறது. கிளட்சை மிதித்து நிறுத்திய காரில் ஆர்பிஎம் ஏற ஏற ஒரு நுண்ணிய உதறல் கூடிக்கொண்டே போனால், புது ஃப்ளைவீலும் பிரஷர் பிளேட்டும் சேர்த்து பேலன்ஸ் செய்யப்படவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். இதை மட்டும் "பழகிவிடும்" என்று ஏற்காதீர்கள்.

நடுக்கத்தைக் குறைக்க என் யோசனை இது: இன்ஜின் பக்கமும் கியர்பாக்ஸ் பக்கமும் கம்பெனி மவுண்ட்களையே திரும்ப மாட்டுங்கள். கீழே இன்ஜின் முன்னும் பின்னும் ஆடாமல் பிடிக்கும் டார்க் மவுண்ட்டில் மட்டும் பாலியூரிதேன் இருக்கட்டும், அதிலும் மென்மையான வகை கிடைத்தால் அதையே எடுங்கள். கியர் மாற்றும்போது கிடைக்கும் இறுக்கத்தில் பெரும்பங்கு அந்த ஒன்றிலிருந்துதான் வருகிறது. ஐடிலை 750-லிருந்து 850-க்கு ஏற்றச் சொல்லலாம், துடிப்பு 25-லிருந்து 28-க்கு நகர்ந்து, ஸ்டீயரிங் அதிரும் எல்லையைத் தாண்டிவிட வாய்ப்பு உண்டு. ஃப்ளைவீலை அப்படியே விட்டுவிடுங்கள். கம்பெனி டூயல் மாஸுக்கும் ஒரு டார்க் வரம்பு உண்டு, 460-ஐ அது எவ்வளவு காலம் தாங்கும் என்பது தனிக் கேள்வி.

அடுத்தது, நீங்கள் வாங்கி வைத்திருக்கும் கிராங்க் புல்லி. தயவுசெய்து மாட்ட வேண்டாம்.

உங்கள் கைக்கும் காலுக்கும் தெரியும் அதிர்வைப் பற்றித்தான் இதுவரை பேசினோம். இன்ஜினை உடைக்கும் அதிர்வு பெரும்பாலும் சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியவே தெரியாது. ஒவ்வொரு எரிப்பும் கிராங்கை முறுக்கிவிடுகிறது. அது எஃகுதான் என்றாலும் ஒரு துளி முறுக்கிக்கொண்டு திரும்பி வருகிறது. சில குறிப்பிட்ட ஆர்பிஎம்களில் எரிப்புத் துடிப்பு கிராங்கின் சொந்த அதிர்வெண்ணோடு பொருந்திவிட்டால் அந்த முறுக்கல் பெருகும். அதை அடக்கத்தான் கிராங்க் முனையில் டேம்பர் இருக்கிறது: நடுவில் ஒரு உருளை, சுற்றிலும் கனமான வளையம், இடையில் ரப்பர். பார்க்க வெறும் பெல்ட் புல்லி மாதிரி இருப்பதால், "இவ்வளவு கனம் எதற்கு" என்று அதை எடுத்துவிட்டு ரப்பர் இல்லாத அலுமினியப் புல்லியை விற்கிறார்கள். மாட்டியதும் இன்ஜின் சட்டென்று ஆர்பிஎம் ஏறும், மாட்டியவருக்குச் சந்தோஷம். கிராங்கின் முறுக்கலோ தட்டிக்கேட்க ஆளில்லாமல் போய்விடும். முதலில் அடி வாங்குவது பல நேரங்களில் ஆயில் பம்ப் கியர், டைமிங் செயின், பியரிங் போன்றவை. ஆயில் பம்ப் போனால் மற்றதெல்லாம் தானாகப் போகும்.

நீண்ட கிராங்க் கொண்ட ஆறு சிலிண்டர் வரிசை இன்ஜின்களில் இந்த ஆபத்து அதிகம். நாலு சிலிண்டரில் குறைவு, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. புல்லியில் மிச்சமாகும் எடைக்காக அந்தப் பந்தயத்தில் இறங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதற்குப் பதில், இப்போது இருக்கும் டேம்பரின் ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா, வெளி வளையம் கோணலாக ஓடுகிறதா என்று பாருங்கள். 90,000 கி.மீ.க்கு அதையே புதிதாக மாற்றினாலும் தப்பில்லை. ஏதாவது செலவு செய்தே ஆக வேண்டும் என்று கை பரபரத்தால் அந்தச் செலவைச் செய்யுங்கள்.

பேலன்ஸ் ஷாஃப்ட் விஷயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. மேலே சொன்ன இரண்டாம் நிலை விசையை எதிர்க்க, இரண்டு மடங்கு வேகத்தில் சுழலும் ஷாஃப்ட்களை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே யோசித்தவர் பிரிட்டிஷ் பொறியாளர் ஃபிரெடரிக் லான்செஸ்டர். 1970களில் மிட்சுபிஷி அதை 'சைலன்ட் ஷாஃப்ட்' என்ற பெயரில் பெரிய அளவில் கொண்டுவந்தது. போர்ஷேயே தன் 944-இன் 2.5 லிட்டர் நாலு சிலிண்டர் இன்ஜினுக்கு மிட்சுபிஷியிடம் உரிமம் வாங்கித்தான் அதைப் போட்டது. அப்புறம் ஏன் எடுக்கச் சொல்கிறார்கள்? மிட்சுபிஷியின் 4ஜி63 இன்ஜினில் பேலன்ஸ் ஷாஃப்ட்டின் சின்ன பெல்ட் அறுந்து, பக்கத்தில் ஓடும் டைமிங் பெல்ட்டுக்குள் சிக்கி, வால்வுகள் வளைந்த கதைகள் நிறைய. அந்த இன்ஜினில் எடுத்ததற்கு ஒரு நியாயம் இருந்தது. உங்கள் இன்ஜினில் அந்த பெல்ட் கிடையாது என்றால் அந்த நியாயமும் கிடையாது. பல புதிய இன்ஜின்களில் இந்த ஷாஃப்ட்கள் ஆயில் பம்ப்போடு ஒரே யூனிட்டாக இருக்கின்றன, எடுத்தால் ஆயில் அழுத்தத்திலும் கை வைத்தாக வேண்டும். ஐடில் நடுக்கத்தைப் பற்றிக் கடிதம் எழுதிய நீங்கள், இன்ஜினுக்குள் இருக்கும் நடுக்கத் தடுப்பையும் எடுக்க நினைப்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

நம்பகத்தன்மையில் நான் உண்மையாகக் கவலைப்படுவது அந்த 460 எண்ணைப் பற்றி. அது எந்த ஆர்பிஎம்மில் வருகிறது? கனெக்டிங் ராடுக்கு எமன் இரண்டு திசையிலிருந்து வருவான். ஆர்பிஎம் எல்லையை ஏற்றினால் ராடையும் அதன் போல்ட்டையும் இழுக்கும் விசை வேகத்தின் இருமடியில் ஏறும். 6,500-லிருந்து 7,500-க்குப் போனால் மூன்றில் ஒரு பங்கு கூடும். டார்க்கை ஏற்றினால் மேலிருந்து அழுத்தும் விசை ஏறும், அது ராடை வளைக்கும். 1,800 ஆர்பிஎம்மிலேயே முழு டார்க்கையும் கொட்டும் மேப் ஓட்டுவதற்கு ஜோராக இருக்கும், ராடுக்கு அதைவிடக் கொடுமை கிடையாது.

டர்போ டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜின்களுக்கு அங்கே இன்னொரு பிரச்சினையும் காத்திருக்கிறது. குறைந்த வேகத்தில், அதிக லோடில், பொறி வருவதற்கு முன்பே கலவை தானாகத் தீப்பிடிப்பது. ஆங்கிலச் சுருக்கத்தில் எல்எஸ்பிஐ என்பார்கள். சாதாரண நாக்கிங்கைப் போல டைமிங்கைப் பின்னிழுத்து இதைத் தடுக்க முடியாது, ஏனென்றால் பொறிக்கு இதில் வேலையே இல்லை. ஒரே ஒரு பெரிய அடியில் பிஸ்டனின் ரிங் மேடை (ரிங்குகளுக்கு இடையிலான விளிம்பு) உடைந்துவிடலாம். ஆயிலில் சேர்க்கும் கால்சியம் டிடர்ஜென்ட் இதைத் தூண்டுகிறது என்று தெரிந்த பிறகுதான் 2018-இல் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) எஸ்என் பிளஸ், 2020-இல் ஏபிஐ எஸ்பி தரங்கள் வந்தன. உங்கள் ஆயில் டப்பாவில் ஏபிஐ எஸ்பி என்றோ, கம்பெனி அதற்கு இணையாகச் சொல்லும் தரமோ இருக்கிறதா பாருங்கள். 2,500-க்குக் கீழே டார்க்கைக் குறைத்து எழுதச் சொல்லுங்கள். உச்ச பவர் குறையாது. ஐந்தாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மில் முழுசாக மிதித்து ஓவர்டேக் செய்யும் பழக்கம் இருந்தால் கியரைக் குறைக்கப் பழகுங்கள்.

ஃபோர்ஜ்டு (உலோகத்தை அழுத்தி உருவாக்கிய, வலுவான) பிஸ்டனும் பெரிய டர்போவும் இப்போதைக்கு வேண்டாம். முதலில் இந்த இன்ஜினின் உடல்நிலை தெரிய வேண்டும். சிலிண்டருக்குள் காற்றை அழுத்தி எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் லீக்-டவுன் டெஸ்ட்டில் நாலு சிலிண்டரின் கசிவும் ஏறக்குறைய ஒரே அளவில், 10 சதவீதத்துக்குள் இருந்தால் சந்தோஷம். இப்போது இருக்கும் ஆயிலை மாற்றும்போது ஒரு சாம்பிளை லேபுக்கு அனுப்புங்கள். செம்பு, ஈயம், தகரம் ஏறியிருந்தால் பியரிங் தேய்கிறது, சிலிக்கான் ஏறியிருந்தால் ஏர் ஃபில்டரைத் தாண்டித் தூசி போகிறது, பெட்ரோல் கலந்திருந்தால் அந்த மிஸ்ஸிங்குக்கு இன்னொரு சாட்சி. ஒரு சாம்பிளைவிட அடுத்தடுத்து எடுக்கும் இரண்டு மூன்று சாம்பிளின் போக்குதான் அதிகம் சொல்லும்.

அதையெல்லாம் தாண்டி ஒரு நாள் பிஸ்டன் மாற்றப் போனால், உலோகத்தைக் கேளுங்கள். 4032 அலாய் என்றால் சிலிக்கான் சுமார் 12 சதவீதம், சூட்டில் குறைவாக விரியும், சிலிண்டரில் நெருக்கமாகப் பொருத்தலாம். சாலையில் ஓட்டும் காருக்கு இதமானது. 2618 அலாய் நாக்கிங்கின் அடியை நன்றாகத் தாங்கும், ஆனால் அதிகம் விரிவதால் இடைவெளி விட்டுத்தான் பொருத்துவார்கள், குளிர்ந்த இன்ஜினில் பிஸ்டன் சுவரில் தட்டும் சத்தம் கேட்கும். அந்தத் தட்டலை நாக் சென்சார் நாக்கிங் என்று எடுத்துக்கொண்டு டைமிங்கைப் பின்னிழுப்பதும் உண்டு. இசியுவில் அதற்கேற்பச் சரிசெய்யத் தெரிந்தவரிடம்தான் அந்த வேலையைக் கொடுக்க வேண்டும்.

பழைய பாகங்களை விற்காதீர்கள். மவுண்ட்களை இப்போதே திரும்ப மாட்டப் போகிறீர்கள். கேட்டலிஸ்ட் இல்லாத டவுன்பைப் பல நாடுகளில் சாலைக்கு ஆகாது, புகைச் சோதனைக்குக் கம்பெனி டவுன்பைப் தேவைப்படலாம். காரை விற்கும் நாளில் வாங்குபவர் முதலில் கேட்பதும் இவற்றைத்தான். டியூனரிடமிருந்து கம்பெனி சாஃப்ட்வேர் ஃபைலின் நகலையும் கேட்டு வாங்கி வையுங்கள். மாற்றங்களை இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் தெரிவித்துவிட்டீர்களா? இல்லையென்றால் பிளக்கைப் பார்க்கும் அதே வாரத்தில் அதையும் முடித்துவிடுங்கள்.